கரித்துகள் கொண்டு வரும் சேதி

இனிப்பு இருக்கும் இடத்தை எறும்பு அறியும். மூடி வைத்த சீனி டப்பாவைத் தேடி அது வரிசை பிடித்து வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கொண்டே நீரிழிவு நோயை அடையாளம் கண்டனர் பண்டைய இந்திய மருத்துவர்கள். பதினோராம் நூற்றாண்டில் மருத்துவ மேதை இப்னு ஸீனா, 'அல்கானூன்' என்னும் தம் பெருநூலில் இந்நோயைப் பற்றி எழுதினார். 1776இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மாத்யூ டாப்ஸன் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீரில் மட்டுமன்றி இரத்தத்திலும் இனிப்பு உண்டு என்பதை வெளிப்படுத்தினார்.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. விரல் நுனியில் ஒரு சிறு குத்து. ஒரு சொட்டு இரத்தம். சின்னஞ்சிறு பட்டை ஒன்று. ஐந்து விநாடிகளில் கருவியின் முகத்தில் ஓர் எண் தெரிகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆகவே, குளுக்கோமீட்டர் இல்லாத தெரு நம் ஊர்களில் இருப்பது அரிது.

வாசக நேயர்களே! அந்தப் பட்டைக்குள் எறும்பின் வேலையைச் செய்வது யார் என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? அதை அறிந்து கொண்டால், அந்தக் கருவி சொல்வதை எவ்வளவு நம்பலாம், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

அறிபவரும் சேதி சொல்பவரும்

ஒரு பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்டு சொல்லும் கருவியை 'உணரி' என்கிறோம். ஆங்கிலத்தில் சென்சார் என்பர். எந்த உணரியிலும் இரண்டு வேலையாட்கள் இருப்பார்கள். ஒருவர், ஆயிரம் பொருள்களுக்கு இடையே தாம் தேடும் பொருளை அடையாளம் காண்பவர். மற்றவர், 'கண்டுவிட்டேன்' என்ற சேதியை வெளியே கொண்டு வருபவர்.

சர்க்கரையைப் பொறுத்தவரை அடையாளம் காணும் வேலையைச் செய்வது ஒரு நொதி, அதாவது என்ஸைம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்பது அதன் பெயர். வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியும் பூஞ்சணத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சணத்திலிருந்தே இந்த நொதியைத் தயாரிக்கிறார்கள். குளுக்கோஸைக் கண்டால் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக் கொள்வது இதன் இயல்பு. 1962இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் என்ற அறிஞர், இந்த நொதியை மின்முனையோடு சேர்த்தால் சர்க்கரையை மின்சாரமாக அளக்க முடியும் என்று எடுத்துக் காட்டினார். உயிரிப் பொருளும் மின் கருவியும் கைகோத்த முதல் உணரி அதுவே.

அன்று அது ஆய்வுக்கூடத்துக் கருவி. வீட்டுக்கு வரவேண்டுமானால் மலிவான சேதியாள் ஒருவர் தேவைப்பட்டார். அவர்தான் கார்பன், நாம் அன்றாடம் காணும் கரி. பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சிகளின் பயனாக, 1984இல் ஃபெரோசீன் என்னும் இரும்புச் சேர்மத்தை நொதிக்கும் கரி மின்முனைக்கும் இடையே தூது போக வைக்கும் முறை வெளியாயிற்று. 1987இல் பேனா வடிவக் கருவி ஒன்று கடைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் பட்டைகள் பலவற்றில், பிளாஸ்டிக் துண்டின் மீது கரி மையால் அச்சிட்ட கோடுகளே மின்முனைகள். திருமண அழைப்பிதழை அச்சிடும் பட்டுத்திரை முறையிலேயே அவற்றையும் அச்சிடுகிறார்கள். ஒரு பட்டையைச் சில ரூபாய்களுக்குத் தர முடிவதன் இரகசியம் இதுதான்.

கரியின் குடும்பம்

வைரமும் கார்பன், பென்சிலின் கிராஃபைட்டும் கார்பன், விளக்கின் கரும்புகையும் கார்பன். அணுக்கள் அடுக்கப்படும் விதம் மாறினால் பொருளின் குணமும் மாறிவிடுகிறது. இந்தக் குடும்பத்தில் கண்ணுக்குத் தெரியாத சில பிள்ளைகளை அறிவியலார் அண்மைக் காலத்தில்தான் அடையாளம் கண்டனர்.

1985இல் கிரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவர், அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கோத்து நிற்கும் மூலக்கூறைக் கண்டனர். 1996ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அதற்காக அவர்களுக்குக் கிடைத்தது. 1991இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, பாயைச் சுருட்டியது போன்ற கார்பன் குழாய்களை நுண்ணோக்கியில் கண்டு உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டுநாடாவைக் கிராஃபைட்டின் மீது ஒட்டி ஒட்டி உரித்து, ஓர் அணுவே கனமுள்ள ஏட்டைப் பிரித்தெடுத்தனர். அதுவே கிராஃபீன். 2010ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

பெயரில் வரும் 'நானோ' என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் அளவு. ஒற்றைச் சுவர்க் கார்பன் குழாயின் குறுக்களவு ஏறக்குறைய 1 நானோமீட்டர். நம் தலைமுடியோ 80,000 நானோமீட்டர் அளவுக்குப் பருமன் உள்ளது.

இத்தகைய பொருளை மனிதன் அறியாமலேயே படைத்தும் இருக்கிறான். தென்னிந்தியாவும் இலங்கையும் உருக்கு வார்ப்பில் புகழ் பெற்றிருந்தன. அந்த உருக்கு அரபு வணிகத்தின் வழியே சென்று, டமாஸ்கஸ் வாள் எனப் பெயர் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கீழடி அகழாய்வில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் அத்தகைய குழாய்கள் இருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கொல்லரும் குயவரும் அவற்றைக் கண்டதில்லை. நெருப்பு செய்த வேலை அது. படைத்தது வேறு, அறிந்து பயன்படுத்துவது வேறு.

நுண்மையில் என்ன நன்மை?

ஒரு பெரிய மாளிகையின் நடு அறையில் இருப்பவருக்குத் தெருவில் நடப்பது தெரியாது. திண்ணையில் இருப்பவருக்குத் தெரியும். கரிக்கட்டியில் பெரும்பாலான அணுக்கள் உள்ளறைக்காரர்கள். கிராஃபீனிலோ ஒவ்வோர் அணுவும் திண்ணைக்காரர்தான். ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கங்களையும் விரித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் சுமார் 65 சென்ட் நிலம்! இவ்வளவு பரப்பில் எந்த மூலக்கூறு வந்து ஒட்டினாலும், அருகில் ஓடும் மின்சாரம் சற்றே கூடும் அல்லது குறையும். அந்த ஏற்றத்தாழ்வே சேதி.

இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாங்ஜி டாய் குழுவினர். 2000இல் ஒரே ஒரு நானோ குழாயை இரு மின்முனைகளுக்கு இடையே வைத்து, வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை அதன் மீது செலுத்தினர். அவ்வாயு குழாயிலிருந்து எலக்ட்ரானை இழுத்துக் கொண்டது. மின்னோட்டம் பன்மடங்கு உயர்ந்தது. பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் பயன்படும் அம்மோனியாவைச் செலுத்தியபோது மின்னோட்டம் தாழ்ந்தது. அக்காலத்து வாயு உணரிகள் சில நூறு டிகிரி வெப்பத்துக்குச் சூடேற்றினால்தான் வேலை செய்யும். இந்தக் குழாயோ சாதாரண அறை வெப்பத்திலேயே வேலை செய்தது. 2007இல் மான்செஸ்டர் குழுவினர் கிராஃபீனைக் கொண்டு, தனியொரு வாயு மூலக்கூறு வந்து ஒட்டுவதையும் விலகுவதையும் கூடக் கண்டு காட்டினர்.

நொதிக்கு அருகில் ஒரு கம்பி

சர்க்கரைக்கு வருவோம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியில் எலக்ட்ரானைப் பறிக்கும் பகுதி, கிணற்றின் அடியில் உள்ள நீரைப் போல் புரதத்தின் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. சாதாரண மின்முனையால் அங்கு எட்ட முடியாது. அதனால்தான் ஃபெரோசீன் போன்ற தூதர்கள் தேவைப்படுகின்றனர். நானோ குழாயோ நொதியை விடவும் மெலிந்தது. கிணற்றுக்குள் விடும் கயிறு போல அதை உள்ளே நெருங்கச் செய்யலாம் அல்லவா?

2003இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், ஒற்றை நானோ குழாயின் மேல் இந்த நொதியைப் பூசிக் குளுக்கோஸைச் சேர்த்தபோது குழாயின் மின்னோட்டம் மாறுவதைக் கண்டனர். 2004இல் வெளியான மற்றோர் ஆய்வில், தங்கத் தகட்டின் மீது நாணல் போல் குழாய்களை நிறுத்தி, அவற்றின் நுனியில் நொதியைப் பொருத்தினர். நொதி பறித்த எலக்ட்ரான் தூதர் எவருமின்றிக் குழாய் வழியாகவே தகட்டை அடைந்தது.

நொதிக்குப் பதிலாக வேறோர் 'அறிபவரை' வைத்தால் வேறு நோய்களையும் கண்டறியலாம். 2020இல் கொரோனா உலகை உலுக்கியபோது, தென்கொரிய ஆய்வாளர்கள் கிராஃபீன் ஏட்டின் மீது அக்கிருமியின் முள் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பதித்து ஓர் உணரியைச் செய்தனர். தூய கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் புரதத்தையும் அது கண்டுகொண்டது. ஒரு கிராமைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, வந்ததை மீண்டும் பத்தாகப் பங்கிட்டால் வரும் அளவு அது.

ஆனால் அந்த ஆய்விலேயே இன்னோர் எண்ணும் இருக்கிறது. மருத்துவமனையில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைப் பாதுகாக்கும் திரவத்தில் அதே உணரி கண்டுகொண்ட அளவு 100 ஃபெம்டோகிராம். தூய நீரில் இருந்த கூர்மை, பல பொருள்கள் கலந்த திரவத்தில் நூறு மடங்கு மழுங்கிவிட்டது. இந்த இரண்டாம் எண்ணை நாம் மறக்கலாகாது. ஆய்வுக்கூடத்துக்கும் நம் வீட்டுக்கும் உள்ள தொலைவு அந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது.

இன்னும் ஏன் வீடு வந்து சேரவில்லை?

முதல் தடை, கார்பனின் தாராள மனம். திண்ணையில் இருப்பவர் வருவோர் போவோர் எல்லோரோடும் பேசுவார். காற்றில் உள்ள ஈரமும் ஆக்சிஜனும் கூட நானோ குழாயின் மின்னோட்டத்தை மாற்றிவிடும். வந்தவர் யார் என்று அது தானாகச் சொல்லாது.

இரண்டாம் தடை, ஒருமைப்பாடு இல்லாமை. குழாய்களைத் தயாரிக்கும்போது சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு உலோகம் போலவும், இரண்டு பங்கு குறைகடத்தி போலவும் அமைந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது செலவு மிகுந்த வேலை. ஒரே மாதிரிப் பட்டைகளைக் கோடிக்கணக்கில் செய்ய வேண்டிய தொழிலுக்கு இது பெரும் சிக்கல்.

மூன்றாம் தடை, இரத்தம். அதில் உள்ள புரதங்கள் மின்முனையின் மீது பாசி போலப் படிந்து, நாளடைவில் அதைச் செவிடாக்கிவிடுகின்றன.

நான்காவது, பாதுகாப்பு. நீண்டு விறைத்த சில வகை நானோ குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் இழைகளைப் போல் நடந்து கொள்வதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஒரு குறிப்பிட்ட வகைக் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. எல்லாக் குழாய்களும் தீயவை என்பது இதன் பொருளன்று. உடலுக்குள் வைக்கும் எதையும் ஆய்ந்து தெளியாமல் வைக்கக் கூடாது என்பதே பொருள்.

அடையாளம் தவறினால் உயிரும் போகும்

கார்பன் எவ்வளவு நுண்ணியதானாலும் அது சேதியாளே. அடையாளம் காண்பவர் தவறினால், தவறான சேதியையும் அது அதே உண்மையோடு கொண்டு வந்து சேர்க்கும். இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு.

வேறொரு நொதியைக் கொண்ட ஒரு வகைப் பட்டைகளால், குளுக்கோஸையும் மால்டோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையையும் வேறுபடுத்த முடியவில்லை. சிறுநீரகம் பழுதாகி, வயிற்று வழியே டயாலிசிஸ் செய்து கொள்ளும் சிலருக்கு ஏற்றும் ஒரு திரவம், உடலில் மால்டோஸாக மாறக் கூடியது. அத்தகையவரின் இரத்தத்தைச் சோதித்தபோது கருவி உயர்ந்த எண்ணைக் காட்டியது. அதை நம்பி இன்சுலின் கொடுத்தனர். உண்மையில் அவர்களின் சர்க்கரை உயரவே இல்லை. இன்சுலின் அதை அபாயகரமாகத் தாழ்த்திவிட்டது. இவ்வாறு 13 மரணங்கள் நேர்ந்ததாக 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

எனவே, உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்து கொள்பவர் இருந்தால், எந்தப் பட்டை அவருக்குப் பொருந்தும் என்று மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நோன்பும் ஒரு சொட்டு இரத்தமும்

நம் குடும்பங்களில் இந்தச் சிறு பட்டைக்கு உள்ள மதிப்பு ரமளான் மாதத்தில்தான் முழுமையாக விளங்கும். 2001இல் 13 நாடுகளில், நீரிழிவுள்ள 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ரமளானில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு அதிகமாக நேர்ந்தது தெரிய வந்தது. முதல் வகையினருக்கு 4.7 மடங்கு.

பெரியவர்கள் பலர், 'விரலைக் குத்தினால் நோன்பு முறிந்துவிடுமே' என்று அஞ்சிப் பகல் முழுதும் சோதிக்காமல் இருந்து விடுகிறார்கள். தலை சுற்றலையும் கைநடுக்கத்தையும் நோன்பின் களைப்பென்று எண்ணிப் பொறுத்துக் கொள்கிறார்கள். சோதனைக்காக விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் தெளிவுபடுத்தியுள்ளனர். நீரிழிவும் ரமளானும் பற்றி 2021இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டியும் அதையே கூறுகிறது. ஐயம் உள்ளவர்கள் தம் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு மனம் தெளியலாம்.

அந்த வழிகாட்டியின்படி, கருவி காட்டும் எண் 70க்குக் கீழே போனாலும், 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும். மஃக்ரிப் பாங்கு ஒலிக்க அரை மணி நேரமே இருந்தாலும் சரிதான். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஏற்றுக் கொள்வது இறையச்சக் குறைவு ஆகாது. யார் நோன்பு நோற்கலாம், மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்து கொள்ளுங்கள்.

குத்தாமல் சொல்லும் கடிகாரம்?

கார்பனின் புகழ் பரவியதும், அதன் பெயரைச் சொல்லி விற்போரும் பெருகுவது உலக வழக்கம். கையில் கட்டினாலே, விரலில் அணிந்தாலே சர்க்கரையைச் சொல்லும் என்று விளம்பரம் செய்யப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் கண்டிருப்பீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது மக்களை எச்சரித்தது. தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செலுத்தி, நாள் முழுதும் அளக்கும் ஒட்டுக் கருவிகள் வேறு; அவை தோலைத் துளைப்பவை, முறையாக ஆராயப்பட்டவை. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். பொய்யான எண்ணை நம்பி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

நம் கையில் உள்ளது

நல்ல குளுக்கோமீட்டரும் அணுவளவு துல்லியம் உடையதன்று. 100க்கு மேற்பட்ட எண்களில் நூற்றுக்கு 15 வரை கூடுதல் குறைவைச் சர்வதேசத் தர விதியே ஏற்றுக் கொள்கிறது. ஆகவே 160 என்று கண்டு அஞ்சவும் வேண்டாம். மறு நிமிடம் 150 என்று கண்டு மகிழவும் வேண்டாம். பல நாள் எண்களைத் தேதியோடு எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுவதே முறை.

சோதிக்கும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். பேரீத்தம்பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்தினால், நொதி அந்தப் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே எண்ணும். அதன் மீது குற்றமில்லை. பட்டைகளை அவற்றின் குப்பியிலேயே வைத்து, எடுத்தவுடன் இறுக மூடுங்கள்; ஈரம் நொதியைக் கெடுத்துவிடும். காலாவதித் தேதியைப் பாருங்கள். குத்தும் ஊசியை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்ளாதீர்கள்.

நானோ கார்பன் உணரிகள் நாளை நம் வீடுகளுக்கு இன்ஷா அல்லாஹ் வந்து சேரலாம். மூச்சுக் காற்றில் நோயையும், குடிநீரில் நஞ்சையும் அவை கண்டு சொல்லலாம். அதற்காக உலகெங்கும் அறிஞர்கள் உழைத்து வருகின்றனர். ஆனால் எத்தனை நுண்ணிய உணரியும் ஓர் எண்ணைச் சொல்வதோடு தன் கடமையை முடித்துக் கொள்ளும். அந்த எண்ணைக் கண்டு எழுந்து, பெரியவருக்கு ஒரு தம்ளர் சர்க்கரை கலந்த நீரைக் கொண்டு வந்து கொடுக்க வேண்டியவர் வீட்டில் இருக்கும் நீங்கள்தான். உங்கள் வீட்டு நீரிழிவு நோயாளியின் கருவி எங்கே இருக்கிறது, பட்டை மீதம் உள்ளதா என்று இன்றே ஒரு முறை பார்த்து வையுங்கள்.